இன்றே தாக்கும் நஞ்சு

2025 மே மாத இறுதியில் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுத் திருத்தச் சட்டம், புகையிலைப் பொருட்களை வாங்கும் குறைந்தபட்ச வயதை 18லிருந்து 21 ஆக உயர்த்தியது. சிகரெட்டை ஒற்றையாக விற்பதையும் ஹூக்கா கூடங்களையும் தடை செய்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் சட்டம் செயல்படுகிறதா என்பதை எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடங்களில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரி மாணவர்களோடு, ஐடிஐ, டிப்ளமோ முடித்த கையோடு அருகிலுள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் பயிற்சித் தொழிலாளர்களாக வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதினரும் அங்கே உள்ளனர். இரவுப்பணியின் களைப்பே அவர்களில் பலருக்குப் புகைப்பழக்கத்தின் வாசலாகிறது.

புகையின் கேடு முதுமையில் வரும் புற்றுநோய் மட்டுமே என்று இளைஞர்கள் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இழுத்த சில நொடிகளிலேயே நிக்கோட்டின் மூளையை எட்டுகிறது. இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பறித்துக்கொள்கிறது. புகைக்கும் பதின்பருவத்தினரின் இதயம், ஓய்விலிருக்கும்போதுகூட நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை கூடுதலாகத் துடிக்கிறது; மூச்சுத்திணறல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என அமெரிக்க அரசின் சுகாதார அறிக்கைகள் கூறுகின்றன. நுரையீரலின் வளர்ச்சி குன்றுகிறது. மூளை முழுமையாக வளராத வயதில் அடிமைத்தனம் விரைந்து பற்றுகிறது.

2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். சிகரெட் புகைத்த மாணவர்களில் 38 சதவீதத்தினர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். சில்லறைக் காசு மட்டுமே கையிலுள்ள சிறுவனைப் பிடிக்கும் தூண்டில், ஒற்றைச் சிகரெட்தான். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் அச்சிடப்படும் எச்சரிக்கைப் படம் அவன் கைக்கு வருவதே இல்லை. அந்தப் படத்தையும் சுருக்க சிகரெட் முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். 2017 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இன்று ஆயிரம் ரூபாய் அபராதம் பெட்டிக்கடைக்காரர் தலையில் விழுகிறது. கொள்ளை லாபம் ஈட்டும் நிறுவனங்களோ கைகழுவிக்கொள்கின்றன. சிகரெட் தொழிலின் பெருநிறுவனமான ஐடிசியில் பொதுத்துறை ஆயுள் காப்பீட்டுக் கழகமே பெரும் பங்குதாரராக இருக்கும்போது, ஒன்றிய அரசின் அக்கறையை எப்படி நம்புவது? அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூருக்குள் நுழைந்தால் வயது வரம்பு மீண்டும் 18. நுரையீரலுக்கு மாநில எல்லை ஏது?

வயது வரம்பை 21 ஆக்கி, ஒற்றை விற்பனையைத் தடைசெய்யும் திருத்த வரைவை ஒன்றிய அரசு 2020 இறுதியில் வெளியிட்டதோடு நின்றுவிட்டது. அதை நாடு முழுமைக்கும் சட்டமாக்க வேண்டும். இஎஸ்ஐ மருந்தகங்களில் புகைப்பழக்கத்திலிருந்து மீள்வதற்கான ஆலோசனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கும் புகையிலை விவசாயிகளுக்கும் மாற்று வாழ்வாதாரம் உறுதி செய்யப்பட வேண்டும். வாலிபர், மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளை ஆலை வாயில்களுக்கும் கல்லூரி வாயில்களுக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இளம் தலைமுறையின் மூச்சு, முதலாளிகளின் லாபக் கணக்கில் கழிக்கப்படும் செலவு அல்ல.