எலும்பின் பலமும் வீட்டுக் கேழ்வரகும்

வயது முதிர்ந்த ஸ்திரீகள் முற்றத்தில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எஞ்சிய நாட்களைப் படுக்கையிலேயே கழிப்பது நமது கிராமங்களில் புதிய காட்சியன்று. இதனை மூப்பின் குற்றமென்றும், விதியென்றும் சொல்லி விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது. உண்மை யாதெனில், அவ்வெலும்பு முறிந்தது அன்றேயாயினும், அதன் பலம் குறையத் தொடங்கி இருபது முப்பது வருஷங்களாயிருக்கும். இந்நோயை வைத்தியர்கள் எலும்புப்புரை என்பர். முறியும் வரையில் வலியொன்றும் தெரியாதாகையால், இதனை எவரும் கவனிப்பதில்லை. மாதவிலக்கு நின்ற பின்னர் ஸ்திரீகளுக்கு இது விரைந்து முற்றுகிறது. புருஷர்களும் இதற்கு விலக்கல்லர்.

எலும்பை ஒரு குதிருக்கு ஒப்பிடலாம். ஏறக்குறைய முப்பது வயது வரையில் அதில் சுண்ணாம்புச் சத்து நிரம்புகிறது. அதன்பின் செலவே மிகுதி. இரத்தத்தில் அச்சத்து ஓரளவில் நின்றாக வேண்டும். ஆகாரத்தில் அது போதாதபோது, தேகமானது எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே வீட்டிலுள்ள சிறுமிகளுக்கும் இளம் மருமக்களுக்கும் இன்று என்ன உண்ணக் கொடுக்கிறோம் என்பதே அவர்களுடைய அறுபதாம் வயதின் விஷயமாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ம் வருஷத்தில் வகுத்த அளவின்படி, வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிலக்கு நின்ற ஸ்திரீகளுக்கு 1,200. தீட்டிய அரிசி 100 கிராமில் உள்ளது சுமார் 10 மில்லிகிராம் மாத்திரமே. மூன்று வேளையும் சோறே உண்பவருக்கு இக்கணக்கு எங்ஙனம் சரிக்கட்டும்? அதே எடையுள்ள கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. தானியங்களுள் இதற்கு நிகர் வேறில்லை.

இங்கேதான் நிலமுடையோரின் பொறுப்பு வருகிறது. கேழ்வரகு விளைந்த புன்செய்களில் பல இன்று வேறு பயிருக்கு மாறிவிட்டன. விளைவிப்போரும் மூட்டையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் அரிசியையே பொங்குகின்றனர். விலை கட்டுபடியாகவில்லை, களையெடுக்கவும் கதிரறுக்கவும் ஆள் கிடைப்பதில்லை என்று அவர்கள் சொல்வதில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் நாம் கோருவது சந்தைக்கான சாகுபடியன்று. ஐவருள்ள குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 150 கிராம் வீதம் வருஷத்துக்குச் சுமார் 275 கிலோ கேழ்வரகு வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ என்று குறைத்தே மதிப்பிட்டாலும், 35 சென்ட் நிலம் போதும். ஐந்து ஏக்கர் உடையவர் 35 சென்ட்டை வீட்டுக்கென ஒதுக்க இயலாது என்று சொல்வாராயின், அவர் மனமில்லை என்கிறார் என்றே கொள்ளவேண்டும். இத்தானியம் எளிதில் புழுப்பதில்லை; நன்கு உலர்த்திச் சேமித்தால் வருஷக்கணக்கில் கெடாதிருக்கும்.

சமைக்கும் முறையிலும் கவனம் தேவை. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு மேல்தோலில் இருப்பதால், மாவை மெல்லிய சல்லடையில் சலித்து உமித்தூளைக் கொட்டிவிடுவது சத்தைக் கொட்டுவதேயாகும். அன்றியும், தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அச்சத்து உடலிற் சேருவதைத் தடுக்கும். ஊறவைத்து முளைகட்டி அரைத்தாலும், மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அத்தடை குறைகிறது. நம் பாட்டிமார் இரவில் மாவைக் கரைத்து வைத்ததன் பயனை இரசாயன சாஸ்திரம் பின்னரே கண்டறிந்தது.

பால் விஷயம் சொல்லவும் வருத்தமாயிருக்கிறது. கறவை மாடு உள்ள வீட்டிலேயே, இருவேளைப் பாலையும் சங்கத்துக்கு ஊற்றிவிட்டு, வீட்டு ஸ்திரீகள் கடுந்தேநீர் குடிக்கின்றனர். பசும்பால் கால் லிட்டரில் சுமார் 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தலைக்கு அவ்வளவு நிறுத்திக்கொண்டு மிஞ்சியதை விற்பதே முறை. தயிரும் மோரும் அவ்வாறே உதவும். கொல்லையில் ஒரு முருங்கையும் ஓர் அகத்தியும், உணவில் தோல் நீக்காத எள்ளும் இருக்கவேண்டும்.

உண்ட சத்து உடலிற் சேர வைட்டமின் டி வேண்டும். அது பெரும்பாலும் வெயிலால் தோலில் உண்டாவது. காலை இளவெயிலே நல்லது என்னும் எண்ணம் இவ்விஷயத்திற் பொருந்தாது. நண்பகலை ஒட்டிய வெயிலில், முகமும் கைகளும் படும்படி சிறிது நேரம் இருத்தல் வேண்டும். உரலும் உலக்கையும் போனபின் ஸ்திரீகளின் எலும்புக்கு வேலை குறைந்துவிட்டது. அவற்றை மீட்கச் சொல்லவில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது எளிது. புகையிலையும் மதுவும் எலும்புக்குப் பகை. மூட்டுவலிக்கென்று பெயரறியாதார் விற்கும் பொடிகளையும் அஞ்சவேண்டும். சிலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு மருந்து, வலியைத் தணித்துக்கொண்டே எலும்பை அரிக்கும். ஏற்கெனவே கூன் விழுந்தவருக்கும், சிறு இடறலில் எலும்பு முறிந்தவருக்கும் ஆகாரம் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் எலும்பின் அடர்த்தியைச் சோதித்து மருந்துண்ணல் அவசியம்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. 2023-ம் வருஷத்தில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நியாயவிலைக் கடைகளில், 2 கிலோ அரிசிக்குப் பதிலாக அவ்வளவு கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. நல்ல ஏற்பாடே, ஆனால் கடையில் எடை போட்டுக் கொடுப்பதோடு நில்லாமல், அதன் குணத்தை ஊராருக்கு எடுத்துரைப்போரும் வேண்டும். தருமபுரி போன்ற இடங்களில் கிணற்று நீரின் ஃபுளோரைடும் எலும்பைக் கெடுக்கிறது. அது மிகுந்தால் எலும்பு தடித்துத் தோன்றினும் எளிதில் ஒடியும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த ஆகாரம் உண்போருக்கு அத்தீங்கு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைக் குடிக்கலாகாது. ஆகையால் ஊராட்சிக் கிணறுகளையும் ஆழ்குழாய்களையும் சோதித்து, அளவை ஊர்ச்சாவடியில் எழுதிவைத்தல் நலம்.

ஆடிப்பட்டத்தில் நட எண்ணுவோருக்கு 35 சென்ட்டுக்கு முக்கால் கிலோ விதை போதும். கோ 15, பையூர் 2 ஆகிய இரகங்களில் எது உமது மண்ணுக்கு ஏற்றதென வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டறிந்து, 17 முதல் 20 நாள் நாற்றைப் பிடுங்கி நடுக.