கிலோ குறைந்தால் பேரை வெட்டாதீர்கள்

கொழுந்து மலையில் ஒருவருடைய கை மந்தமானால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது தராசுதான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இளம் வயதிலிருந்தே கொழுந்தெடுத்தவர் என் அம்மா. 18 கிலோவுக்குக் குறையாமல் நிறுத்தவர், ஐம்பதைத் தாண்டியதும் 14, 12 என்று இறங்கினார். விழுந்தது அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மலையில் "சோம்பல்" என்றார்கள். லயத்தில் "செய்வினை" என்று கயிறு கட்டினார்கள். வைத்தியரிடம் காட்டச் சொன்னவர் யாருமில்லை.

அம்மாவுக்கு வந்திருந்தது பார்கின்சன் நோய். சும்மா மடியில் கிடக்கும்போது இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல ஆடும். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் அடங்கும். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். மந்தமும் விறைப்பும்தான் இதில் முக்கியம். மூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதே காரணம். மலச்சிக்கலும் மணம் தெரியாமற் போவதும் பல வருடங்கள் முந்தியே தொடங்கலாம். 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்த இந்த நோயை இன்றும் வைத்தியர்கள் பெரும்பாலும் நோயாளியின் நடையையும் கையையும் பார்த்தே கண்டுபிடிக்கிறார்கள்.

லெவோடோபா மாத்திரை நோயைக் குணமாக்காது. ஆனால் அது கிடைத்த பிறகு அம்மா தானே சேலை உடுத்தினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும். பருப்பு, முட்டை, பாலோடு சேர்ந்தால் சிலருக்குச் சரியாக வேலை செய்யாது. திடீரென்று நிறுத்தவே கூடாது. நேரம் தவறினால் வாசற்படியில் அம்மாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் வாத்தியார், வெண்கட்டியால் சீமெந்துத் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டேன். "கோட்டைத் தாண்டுங்கம்மா" என்றால் கால் எழும்பும். இன்னொன்று: வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் இந்த நோயைக் கூட்டும். டிஸ்பென்சரியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதுகில் டாங்கி சுமந்து புல்லுக்கு மருந்தடித்த ஆண்களையும் கவனிக்க வேண்டும். பாரகுவாட் களைகொல்லிக்கும் பார்கின்சனுக்கும் தொடர்பிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இலங்கையில் 2008இல் தொடங்கி அது படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. இளவயதில் அதை அடித்தவர்கள் இப்போது இந்த நோய் வரும் வயதை எட்டுகிறார்கள்.

துரைமாரிடமும் கணக்கப்பிள்ளைமாரிடமும் தொழிற்சங்கங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஒழுங்காகக் கொழுந்தெடுத்த ஒருவரின் நிறை மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால், அரைப்பேர் போடுமுன் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு நாளைக்கு முழுப்பேர் போடுங்கள். கிளினிக்கில் எழுதிய மருந்து பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே மாதாமாதம் கிடைக்க வழிசெய்யுங்கள். தராசு ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கும் நோயைக் கண்டுபிடிக்கத் தோட்டத்துக்கு வேறு கருவி தேவையில்லை.