பெட்டியைத் திறந்து காட்டினால் என்ன குறைந்துவிடும்?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



விடுதியில் எனக்கு ‘அந்தமான்’ என்றே பெயர் வைத்துவிட்டீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பட்டியல் வருகிறது. “டேய் அந்தமான், எங்க சித்தப்பா அங்கதான் இருக்கார், இந்த மல்லிகைப் பதியனைக் கொடுத்துடு.” “ரெண்டே ரெண்டு வாழைக்கன்று, சாக்குல சுத்தித் தர்றேன்.” “ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ், கூண்டோட எடுத்துட்டுப் போயிடேன்.” முடியாது என்று சொன்னால், “பெரிய கஸ்டம்ஸ் ஆபீசர் இவரு!” என்று கிண்டல்.

கிண்டல் இருக்கட்டும். நான் ஏன் மறுக்கிறேன் என்பதை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட இந்த ஆண்டு மலரைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. என் கருத்து இதுதான்: தீவுக்குப் போகிறவன் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். செடி, மண், விதை, பிராணி எதுவானாலும் சோதித்த பிறகே உள்ளே போக வேண்டும். அதற்குக் கோபப்படுவதில் நியாயம் கிடையாது.

தீவு என்றால் என்ன? நாலு பக்கமும் தண்ணீர் உள்ள நிலம் என்று நாலாம் வகுப்பிலேயே படித்தோம். அந்தத் தண்ணீர்தான் தீவின் மதில்சுவர். அந்த மதிலுக்குள் பல ஆயிரம் ஆண்டுகள் வளர்ந்த செடிக்கும் பறவைக்கும் வெளி எதிரியைப் பார்த்துப் பழக்கமில்லை. அந்தமான் நிக்கோபாரில் தீவும் திட்டும் பாறையுமாக 836 இருக்கின்றன. உலகில் வேறெங்குமே இல்லாத பறவை வகைகள் மட்டும் 20-க்கும் மேல் அங்கே உண்டு. எதிரி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அதே கடல்தான் அவற்றுக்குச் சிறைச்சுவர். ஓடித் தப்பிக்க இடம் ஏது?

முன்பு சென்னையிலிருந்து போக ஒரே வழி கப்பல். மூன்று நாள் பயணம். வழியிலேயே பாதிப் பூச்சி வாடிச் செத்துவிடும். இன்று விமானத்தில் சில மணி நேரத்தில் போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய எங்கள் ஊரில், இறங்கிவிடலாம். நாம் சுகமாகப் போய்ச் சேருவது போலவே பூச்சியும் சுகமாகப் போய்ச் சேரும்.

இதெல்லாம் கற்பனை பயம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். ஆங்கிலேயர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுவந்து விட்டார்கள். அதை அடிக்கப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான் நீந்தும் என்பதால் தீவுவிட்டுத் தீவு போய்ப் பெருகியது. முளைத்து வரும் கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் திணறுகிறது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளை, கம்பெனி நொடித்துப்போனதும் 1960-களில் இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அவை பட்டை உரித்துத் தின்றதில் அந்தச் சின்னத் தீவின் காடே உருமாறிப்போனது.

அடுத்து வருவது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியசிலிருந்து இந்த நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு நத்தை, சிப்பி சேகரிப்பதில் ஆர்வம். அவை ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. கதை அங்கிருந்து தொடங்குகிறது. அந்தமானுக்கு அது இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்திருந்த 1942–45 காலத்தில் வந்தது என்று சொல்வார்கள். ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல் முட்டை இடும். அதில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, எல்லாமே முட்டையிடும். மழை விட்ட சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து பாருங்கள். எங்கம்மா ஒரு கையில் டார்ச் லைட்டும் ஒரு கையில் உப்பு வாளியுமாக நிற்பார். கீரைப்பாத்தி, பப்பாளிக் கன்று, அவரைக்கொடி எல்லாம் ஒரே ராத்திரியில் நரம்பு மட்டும் மிஞ்சும். இதன் உடம்பில் தங்கும் ஒரு வகைப் புழு மனிதனுக்கு மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும். ஒருவருடைய பொழுதுபோக்குக்காகக் கல்கத்தாவில் இறங்கிய பிராணிக்கு எதிராக இத்தனை வருஷம் கழித்து எங்கம்மா உப்பு வாளி தூக்குகிறார். இது என்ன நியாயம், சொல்லுங்கள்!

‘அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வேலை’ என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தியப் பெருந்தவளை அந்தமானில் பரவியது நம் காலத்தில்தான். வளர்ப்பு மீன்குஞ்சோடு கலந்து வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அதன் தலைப்பிரட்டை மற்ற தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்னும். வளர்ந்த தவளை கோழிக்குஞ்சைக்கூட விடாது. பாலித்தீன் பையில் மீன்குஞ்சு கொண்டுவந்தவர் யாரும் கெட்டவர் இல்லை. பையை ஒருவர் பிரித்துப் பார்த்திருந்தால் போதும்.

நாய் விஷயம் இன்னும் முக்கியம். நாய் என்றாலே ஊசி ஞாபகம் வரும் நாட்டில் நாம் இருக்கிறோம். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு பிழைப்பது அபூர்வம். அந்த நோய் இல்லாத பகுதிகள் என்று இந்தியாவில் சொல்லப்படுவது அந்தமான் நிக்கோபாரும் இலட்சத்தீவும்தான். இவ்வளவு பெரிய தேசத்தில் நாய் கடித்தாலும் உயிருக்குப் பயப்படாமல் இருக்க இரண்டே இடம்! தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாத ஒரே ஒரு நாய்க்குட்டி, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டுக் கமுக்கமாகக் கொண்டுபோன ஒரே ஒரு குட்டி, அந்தப் பெருமையை ஒழித்துவிடும். குட்டி நல்லாத்தான் இருக்கும், பார்க்கவும் அழகா இருக்கும். நோய்க்கிருமி உடம்பில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். அதனால்தான் தனிமைப்படுத்தி வைப்பது என்ற ஏற்பாடே வந்தது.

மின்னியல் நண்பர்களுக்காக ஒரு கதை. பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் ராணுவச் சரக்கோடு சரக்காக ஒரு பழுப்பு மரப்பாம்பு அங்கே போய் இறங்கியது. அந்தத் தீவின் சொந்தக் காட்டுப் பறவை 12 வகையில் 10 வகை அந்தக் காட்டிலிருந்து மறைந்தன. பறவைதானே என்கிறீர்களா? பாம்பு மின்கம்பத்தில் ஏறிக் கம்பிக்குக் கம்பி பாலம் போட்டதில் ஆயிரத்துக்கும் அதிகமான மின்தடைகள். நாம் லேபில் ஷார்ட் சர்க்யூட் பற்றிப் படிக்கிறோம், அங்கே பாம்பே அதைச் செய்து காட்டியது. இன்று குவாமிலிருந்து புறப்படும் சரக்கை மோப்ப நாய் விட்டுத் தேடுகிறார்கள். எதற்கு? அந்தப் பாம்பு ஹவாய்க்குப் போய்விடக் கூடாதே என்று.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

முதல் கேள்வி: “ஒரே நாடு, எதுக்கு உள்ளுக்குள்ளேயே சோதனை?” ஹவாய் அமெரிக்காவின் மாநிலம்தான். இருந்தும் தாய்நிலத்திலிருந்து போகும் நாய்க்கு வெறிநோய்ச் சோதனைகள் உண்டு, அதில் தவறினால் 120 நாள்வரை தனிமைக் கூண்டு. கலாபகஸ் தீவுகள் ஈக்வடாருக்குச் சொந்தம்தான். அங்கே போகிற ஈக்வடார்காரருக்கும் விமானம் ஏறுமுன் பெட்டிச் சோதனை உண்டு. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. வாழைக்கு முடிக்கொத்து நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்தது. கன்றோடு போகும், அசுவினியோடும் போகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழை அந்த நோயில் பட்ட பாட்டைக் கீழ்ப்பழனி மலைப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்கள். அதனால்தான் நோயுள்ள மாநிலத்திலிருந்து வாழைக்கன்று வெளியே போகத் தடை போட்டார்கள். நீலகிரி உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டபோதும் அப்படித்தான். சாக்கில் சுற்றிய அந்த ‘ரெண்டே ரெண்டு’ கன்றுக்கு நான் ஏன் மறுத்தேன் என்று இப்போது புரிகிறதா?

இரண்டாம் கேள்வி: “எல்லாம்தான் வந்தாச்சே, இனிமே பூட்டி என்ன பிரயோசனம்?” வந்தது கொஞ்சம், வராதது ஏராளம். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ, பிறகு இலட்சத்தீவுத் தென்னைவரை போய்விட்டது. தென்னையையே நம்பி வாழும் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி! இன்று நம் தோட்டத்தில் இருக்கும் பூச்சி நாளை அங்கே போகலாம். தவிர, தீவுகளுக்குள்ளேயே நத்தையும் தவளையும் எட்டாத தீவுகள் இன்னும் உண்டு. ஒரு வீடு எரிந்துவிட்டது என்பதற்காகத் தெருவுக்கே தீ வைப்பார்களா?

மூன்றாம் கேள்விதான் கனமானது. “சோதனை என்று வந்தால் அடிபடுவது ஏழைதானே?” உண்மை. மறுக்க மாட்டேன். மூட்டை கட்டி வருகிற கூலிக்காரரின் சாக்கைக் குத்திக் கிளறுவார்கள், காரில் வந்து இறங்குகிறவரின் பெட்டிக்கு சலாம் போடுவார்கள். நான் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். என் பெட்டியில் கத்தி இருக்கிறதா என்று பார்த்தவர்கள் உண்டு, செடி இருக்கிறதா என்று கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. நாளைக்குக் கேட்கத் தொடங்கினால் யாரைக் கேட்பார்கள் என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. ஆகவே விதி வேண்டும் என்று சொல்லும்போதே, விதி எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்களைச் சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்நாட்டு அமைச்சர் ‘நாயைத் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் கொன்றுவிடுவோம்’ என்று கெடு வைத்தார். அவர் மனைவி கோர்ட்டு ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நடிகன் என்று பார்க்கவில்லை! விதி நமக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். டிக்கெட் கொடுக்கும்போதே தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் படம் போட்ட துண்டுச்சீட்டாகக் கொடுக்க வேண்டும். சோதனை ஏறும் இடத்தில் நடக்க வேண்டும், இறங்கிய பிறகு பிடுங்குவது வயிற்றெரிச்சல். தெரியாமல் கொண்டுவந்தவர் போட்டுவிட்டுப் போக அபராதமில்லாத ஒரு தொட்டி வேண்டும். மறைத்தவருக்கு மட்டும் தண்டனை. நியூசிலாந்தில் அப்படித்தான்: சொல்லிக் காட்டினால் பிரச்சினை இல்லை, சொல்லாமல் விட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். பறிக்கிற ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயணியின் பையோடு நின்றுவிடக் கூடாது. மணல், மரம், நாற்று, பொக்லைன் எந்திரம் என்று டன் கணக்கில் சரக்கு போகிறதே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் பங்கு வருகிறது. நாளைக்கு அந்த எந்திரத்தை ஏற்றி அனுப்பப் போகிற சூப்பர்வைசர் நாம்தான். சிவில் படிக்கும் நண்பனே, டயரிலும் செயினிலும் ஒட்டிய மண்ணைக் கழுவாமல் அனுப்பாதே, நத்தை முட்டை மண்ணில்தான் இருக்கும். மெக்கானிக்கல் நண்பனே, மரப்பெட்டியின் நடுமரம்வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்தால் துளைப்பூச்சி சாகும். உலக வாணிபத்தில் அதற்கு முத்திரையே குத்துகிறார்கள். அந்த முத்திரை இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார். ஒர்க்‌ஷாப்பில் உள்ளே வரும் சரக்கைச் சோதித்துத்தானே மெஷினில் ஏற்றுகிறோம்? பழுதான பிறகு ஓடுவதைவிட முன்கூட்டியே பராமரிப்பது மலிவு என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறோமே! அதேதான் இதுவும்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கால்நடைத் தொற்றுநோய் தடுப்புக்கென்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. சோதனைச் சாவடி வைக்கவும் தனிமை முகாம் நடத்தவும் அதில் இடமுண்டு. இருக்கிற சட்டத்துக்கு உயிர் கொடுக்கப் பயணிகள்தான் ஒத்துழைக்க வேண்டும்.

எங்கள் தீவுக்கு நீங்கள் எல்லாரும் கண்டிப்பாக வர வேண்டும். முறுக்கு கொண்டு வாருங்கள், அதிரசம் கொண்டு வாருங்கள், எங்கம்மா சந்தோஷப்படுவார். ஷூவைக் கழுவிவிட்டு வாருங்கள். செடியும் குட்டியும் மீன்குஞ்சும் இங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும். யாராவது “பெட்டியைத் திறங்க சார்” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள். ஒரு நிமிஷ வேலைதான். அந்த நிமிஷத்தை 1847-இல் ஒருவர் செலவழித்திருந்தால் எங்கம்மா கையில் இன்று உப்பு வாளி இருந்திருக்காது.