டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் பூட்டா? அமெரிக்காவில் ட்யூனர் வாங்குவோருக்கு என்ன சிக்கல்?

வீட்டு கம்ப்யூட்டரில் ட்யூனர் கார்டைப் பொருத்தி, ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனல்களைப் பதிவு செய்து பார்ப்பது அமெரிக்காவில் பல ஆண்டுப் பழக்கம். இப்போது கார்டு வாங்கப் போனால் முதல் கேள்வியே குழப்புகிறது: ஏடிஎஸ்சி 1.0-வா, 3.0-வா?

புதுசுதானே நல்லது என்று தோன்றும். 4கே படத்துக்கு வழி இருக்கும் 3.0 ஒளிபரப்புக்கு, அந்நாட்டு தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2017-ல் அனுமதி தந்தது. ஆனால் பல நிலையங்கள் அதை டிஆர்எம் எனும் டிஜிட்டல் பூட்டு போட்டே அனுப்புகின்றன. சாவி இல்லாத கருவியில் சிக்னல் வரும், படம் வராது. எச்டிஹோம்ரன் ஃப்ளெக்ஸ் 4கே ட்யூனர் பெட்டியை வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டது இதில்தான்.

வேடிக்கை என்னன்னா, வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லேயே சோனி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பூட்டே போடக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

அப்போ எதை வாங்குவது? இப்போதைக்கு பூட்டு இல்லாத 1.0 தான். 2 ட்யூனராவது இருந்தால் ஒன்றைப் பார்க்கும்போதே இன்னொன்றைப் பதியலாம். எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிபி வரைகூட விழுங்கும். ஹார்டு டிஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அதுவும் எத்தனை நாளைக்கு? பெரிய 55 சந்தைகளில் 2028-லும், மற்ற இடங்களில் 2030-லும் 1.0-ஐ நிறுத்த வேண்டும் என ஒளிபரப்பாளர்கள் சங்கமான என்ஏபி 2025-ல் எஃப்சிசியிடம் மனு கொடுத்திருக்கிறது.