மூச்சு மருந்தும் ஓசோன் படையும்



முட்டு வருத்தக்காரர் பாவிக்கும் இன்ஹேலரை, நம்மில் பலர் 'பம்ப்' என்று சொல்லும் அந்தச் சிறிய குப்பியை, அறியாத வீடுகள் நமது ஊர்களில் குறைவு. விறகடுப்புப் புகையும் வீதித் தூசும் மாரிக் குளிரும் முட்டைக் கிளப்பிவிடுகின்றன. கைக்குள் அடங்கும் அந்தக் குப்பியை உலகம் முழுவதும் மாற்றிச் செய்ய வேண்டிய நிலை ஒரு காலத்தில் வந்தது. காரணம், அதற்குள் இருந்த வாயு வானத்தின் ஓசோன் படையை அரித்துக்கொண்டிருந்தது. நோயாளியின் மூச்சும் நிற்காமல், ஓசோன் படையும் கெடாமல் அந்த மாற்றம் எவ்வாறு நடந்தது? அதன் செலவை யார் சுமந்தார்கள்? இம்மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மருந்துக் கம்பனித் தலைவர் ஒருவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. கண்ணாடிக் குப்பியில் பொருத்திய இறப்பர்ப் பந்தை அமுக்கித்தான் அவள் மருந்தை உள்ளிழுக்க வேண்டும். "தலைமயிருக்குத் தெளிக்கும் டின்னைப் போல என் மருந்தையும் ஏன் அடைக்க முடியாது?" என்று அவள் தகப்பனிடம் கேட்டாளாம். அடுத்த ஆண்டே, 1956இல், அளவாக மருந்து தெளிக்கும் முதலாவது இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. நோயோடு வாழ்பவருக்கே அதன் சிரமம் தெரியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மருந்தை வெளியே தள்ளுவதற்கு ஒரு வாயு வேண்டும். அதற்காகக் குளோரோபுளோரோகாபன், சுருக்கமாக சி.எப்.சி., பயன்பட்டது. அது தீப்பற்றாது, இன்ஹேலரில் வரும் சிறிய அளவு உடம்புக்குப் பெரிய கெடுதியும் செய்யாது. ஆனால் இலகுவில் அழியாத அந்தக் குணமே வினையாயிற்று. பல பத்தாண்டுகள் காற்றில் தங்கி, மெல்ல மெல்ல மேலே போய், அங்கு சூரியக் கதிர்பட்டு உடைந்து குளோரினை விடுகிறது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஒரு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடியது. ஓசோன் படை மெலிந்தால் சூரியனின் கழியூதாக் கதிர்கள் கூடுதலாகப் பூமிக்கு வரும். தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்களும் பாதிக்கப்படும்.

1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை 1989இல் அதை ஏற்றுக்கொண்டது.

குளிர்சாதனப் பெட்டியின் வாயுவை மாற்றுவது ஒன்று. மூச்சுத் திணறும் பிள்ளையின் கையில் இருக்கும் மருந்தை நிறுத்துவது வேறொன்று. ஆகவே ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கு 'அத்தியாவசியப் பாவனை' என்ற பெயரில் விதிவிலக்குக் கொடுக்கப்பட்டது. வளர்ந்த நாடுகளில் சி.எப்.சி. 1996இலும் வளர்முக நாடுகளில் 2010இலும் நிறுத்தப்பட்டபோதும், மாற்று மருந்து தயாராகும்வரை இன்ஹேலருக்குரிய வாயு அனுமதிக்கப்பட்டது. நோயாளிகளைத் தவிக்கவிடாமல் ஒரு தவறைத் திருத்தலாம் என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. 2022இல் நமது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கையில் துண்டுச் சீட்டுடன் கடை கடையாக அலைந்த நமக்கு அந்த ஏற்பாட்டின் பெறுமதி நன்றாகப் புரியும்.

தொழிற்சாலைகளுக்கும் இது இலேசான வேலையாக இருக்கவில்லை. எச்.எப்.ஏ. என்ற புதிய வாயுவில் பழைய மருந்துக் கலவை சரிவரவில்லை. வால்வு, இறப்பர் வளையம், நிரப்பும் இயந்திரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. பிறகு நோயாளிகளிடம் பரிசோதித்து, புதிதாக அனுமதியும் பெற வேண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில்தான் முதலாவது புதிய இன்ஹேலர்கள் சந்தைக்கு வந்தன. மருந்துத் தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்பட்ட காபன் நாற்குளோரைட்டும் ஓசோனை அழிப்பதே. அதற்கும் இதே உடன்படிக்கை கட்டுப்பாடு விதித்தது.

இனிச் செலவுக்கு வருவோம். அமெரிக்காவில் சல்பியூட்டமோல் மருந்தின் சி.எப்.சி. இன்ஹேலர் 2008 முடிவில் தடை செய்யப்பட்டது. மலிவான பழைய இன்ஹேலர்கள் போய், காப்புரிமை உள்ள விலை கூடிய இன்ஹேலர்களே மிஞ்சின. காப்புறுதி உள்ளவர்கள்கூட ஒரு இன்ஹேலருக்குத் தங்கள் பணத்தில் சராசரியாக 14 டொலருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வந்த இடத்தில், 25 டொலர் கொடுக்க நேர்ந்தது. அங்கே காப்புரிமை இல்லாத மலிவு வகைக்கு 2020இல்தான் முதல் அனுமதி கிடைத்தது. வானத்துக்கு நன்மை வந்தது. அதற்கான செலவில் ஒரு பங்கு நோயாளியின் சட்டைப்பையிலிருந்து போனது.

வளர்முக நாடுகளுக்கு வேறொரு வழி இருந்தது. உடன்படிக்கையின் கீழ் 1990இல் இணங்கப்பட்ட பல்தரப்பு நிதியத்துக்குப் பணக்கார நாடுகள் பணம் கொடுத்தன. இந்தியாவிலும் பங்களாதேஷிலும் இன்ஹேலர் தயாரிப்பை மாற்ற அந்த நிதியம் உதவியது. மாற்றத்துக்கு வேண்டிய பணத்தை யார் தருவது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்தால், இல்லாதவரின் தலையில் விழும் சுமை குறையும். சமூகவியல் படித்தபோது புத்தகத்தில் வாசித்த இந்த உண்மையை, பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்களுக்கிடையே வேலை செய்யும்போது ஒவ்வொரு நாளும் காண்கிறேன். வீட்டுத் திட்டமோ கடன் திட்டமோ வரும்போதும் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது அதுதான்: இதன் செலவு யாருக்கு?

கதை இன்னும் முடியவில்லை. எச்.எப்.ஏ. ஓசோனை அழிப்பதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகிறது. அதிகம் பாவிக்கப்படும் வகை, காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. 2016இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஆகவே இன்ஹேலர் மறுபடியும் மாறத் தொடங்கியிருக்கிறது. இம்முறையும் ஏழை நோயாளியை மறக்காமல் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "என் பம்ப் உலகத்துக்குக் கேடா?" என்று எவரும் இன்ஹேலரைக் கைவிட வேண்டாம். வாயுவை மாற்றுவது தொழிற்சாலைகளின் கடமை. மூச்சைக் காப்பது உங்கள் உரிமை. வாயு இல்லாமல் தூளாக உள்ளிழுக்கும் மருந்தும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கிளினிக்கில் வைத்தியரைக் கேளுங்கள். புதிய வாயு இன்ஹேலரின் தெளிப்பு பழையதைவிட மென்மையாக இருக்கும். அதனால் மருந்து குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். குப்பியை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்திக் கூட்டை வாரம் ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் கழுவிக் காயவிடுங்கள். அடைபட்டால் மருந்து சரியாக வராது.

"பம்ப் பழகினால் விடமுடியாது" என்ற பேச்சையும், "கலியாணம் பேசும் பிள்ளை, தெரியவந்தால் என்ன செய்வது" என்ற பயத்தையும் நான் போகும் கிராமங்களில் அடிக்கடி கேட்கிறேன். மறைத்து வைத்த மருந்து அவசரத்துக்குக் கைக்கு எட்டாது. முட்டு ஒரு நோய். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்றைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால், உலகின் பெரும்பாகத்தில் ஏறத்தாழ 2040இலும், அந்தாட்டிக்காவுக்கு மேலே ஏறத்தாழ 2066இலும் ஓசோன் படை 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். மனிதர் கெடுத்ததை மனிதரே கூடித் திருத்த முடிகிறது. நமது மாதர் சங்கக் கூட்டங்களில் இதையும் ஒருநாள் பேசிப் பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.