15 பவுண்டு வந்து சேர்ந்தது

ஆபீஸைத் திட்டிக்கொண்டே ஆபீஸ் போகிறவர்களுக்கெல்லாம் தலைவர் ஏங்கெல்ஸ்தான். மான்செஸ்டரில் அப்பா பங்குதாரராக இருந்த பருத்தி நூல் கம்பெனியில் 1850-ல் குமாஸ்தாவாக உட்கார்ந்தவர், 1869 வரை எழுந்திருக்கவில்லை. வியாபாரம் என்றாலே அவருக்குக் கசப்பு. பின்னே ஏன் போனார்? லண்டனில் ஒரு நண்பர், பெண்டாட்டி பிள்ளைகளோடு கடனில் முழுகிக்கொண்டு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் கார்ல் மார்க்ஸ்.

பணம் அனுப்புவதில் ஒரு தந்திரம். நோட்டை இரண்டாக வெட்டி, பாதி ஒரு கவரில், மீதி இன்னொரு கவரில். வழியில் எவனாவது அமுக்கினாலும் அரை நோட்டை வைத்து நாக்கு வழிக்கவா முடியும்?

1867 ஆகஸ்ட் 16, ராத்திரி இரண்டு மணி. 'மூலதனம்' முதல் பாகத்தின் கடைசி புரூஃபைத் திருத்தி முடித்த கையோடு மார்க்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். உன் தியாகம் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று. கூடவே, 15 பவுண்டு வந்து சேர்ந்தது, நன்றி என்றும் ஒரு வரி. பி.காம். படித்தவனாச்சே, எனக்கு அந்த ரசீது வரிதான் ரொம்பப் பிடிக்கும். (புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்தது வேறொரு நண்பருக்கு! ஆனாலும் 1883-ல் மார்க்ஸ் போன பிறகு, அவருடைய கோழிக்கிறுக்கலைப் படித்து அடுத்த இரண்டு பாகங்களைக் கொண்டுவந்தது ஏங்கெல்ஸ்தான்.)

நம்மூரில் சிநேகிதனுக்கு நன்றி சொல்வது லேசில்லை. 'தேங்க்ஸ்டா' என்றால், 'ஏன், உடம்பு சரியில்லையா?' என்பான்.

என் ஆள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்டன்ட். காலேஜில் ஒரே பெஞ்ச். போன வாரம் கொரியரில் ஒரு பார்சல் அனுப்பினான். காலிகோ பைண்டு போட்ட நீள லெட்ஜர். பிரித்தால், நான் இதுவரை எழுதியதெல்லாம் வெட்டி ஒட்டி, ஓரத்தில் பென்சிலில் தேதி. என்னிடமே இல்லாத துணுக்குகள்கூட அதில் இருக்கின்றன.

வேலையை விட்டுவிட்டு எழுத வந்த புதிதில் எட்டு மாதம் என் எழுத்து ஒரு வரிகூட அச்சாகவில்லை. அந்த எட்டு மாதமும் என் வீட்டு வாடகையைக் கட்டியது அவன். லெட்ஜரில் அதற்கு ஒரு என்ட்ரிகூடக் கிடையாது. எட்டுப் பக்கம் காலியாக விட்டு, மேலே மாதத்தின் பெயர் மட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் 'கேரிட் ஃபார்வர்ட்'.

போன் பண்ணினேன். "டேய், லெட்ஜர் வந்துச்சுடா..." அதற்கு மேல் வாய் வரவில்லை.

"கோந்து பிரியலையே? மழை நாள்ல ஒட்டினது."

"பிரியல."

"சரி, வெச்சிடறேன். ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ணணும், இன்னிக்குக் கடைசி நாள்."

ஆகவே மார்க்ஸ் வழியில் எழுத்து மூலமாக: லெட்ஜர் வந்து சேர்ந்தது நண்பா, நன்றி.

பின்னால் இன்னும் நாற்பது பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதற்கும் நம்பர் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான்.