வெல்லக்கூடியவர் என்றொரு வேட்பாளர்

பிரித்தானியப் பொதுத்தேர்தல் வரும்போதெல்லாம் நம் இலக்கியச் சூழலில் இருவகைக் கட்டுரைகள் தவறாமல் தலைகாட்டுகின்றன. அங்கே மக்கள் கட்சியைப் பார்ப்பதில்லை, சின்னத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்த்தே வாக்களிக்கிறார்கள் என்று உருகுவது ஒருவகை. எந்தத் தொகுதியில் எவர் வெல்வார் என்று அங்குள்ள இதழ்கள் வெளியிடும் அட்டவணையை அப்படியே தமிழில் இறக்கிவைப்பது மற்றொருவகை. இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் செய்துமுடிக்கும் வல்லாளரும் உளர். ஆளைப் பார்த்து வாக்களிக்கும் நாட்டில், ஆளின் பெயரையே அறியாத ஒரு கணினி எவ்வாறு 650 தொகுதிகளின் முடிவையும் முன்கூட்டியே எழுதிவைக்க இயலும் என்ற கேள்வி இவர்களுக்கு எழுவதேயில்லை. இக்கட்டுரை அவர்களோடு சண்டையிடவே எழுதப்படுகிறது.

முதலில் அந்த உருக்கத்தைப் பார்த்துவிடுவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது; ஆனால் அது பழைய உண்மை. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே இடம்பெற்றதில்லை. வேட்பாளரின் பெயர், முகவரி, தொழில், இவ்வளவுதான். உரியவர் இன்ன கட்சிக்காரர் என்பதை வாக்காளர் வெளியிலிருந்து தெரிந்துகொண்டு வரவேண்டும். 1970 தேர்தலில்தான் ஆறு சொற்களுக்கு மிகாமல் ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளலாம் என்றானது. குறிப்பு நுழைந்த பிறகு அதை வைத்து ஏமாற்றும் கலையும் நுழைந்தது. 1994இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஒருவர் ‘லிபரல் டெமாக்ரட்’ என்பதை ஓரெழுத்து திரித்து ‘லிட்டரல் டெமாக்ரட்’ என்று பதிந்துகொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அள்ளிச் சென்றார். உண்மையான லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் தோற்றதோ ஏறத்தாழ எழுநூறு வாக்குகளில். கட்சிப் பெயர்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1998இல் வந்ததற்கு இத்தகைய கூத்துகளே காரணம். ஆளைப் பார்த்து வாக்களிக்கும் மக்கள் ஓரெழுத்தில் ஏமாறுவார்களோ?

முகவரியும் போயிற்று. 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்பாளர் தம் வீட்டு முகவரியைச் சீட்டில் அச்சிடவேண்டியதில்லை; தாம் குடியிருக்கும் தொகுதியின் பெயரை மட்டும் சொன்னால் போதும். பாதுகாப்புக் காரணம் நியாயமானதே, அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ‘இவர் எங்கள் தெருக்காரர்’ என்று வாக்காளர் கண்டுகொண்ட அந்த ஒற்றை வரி அத்துடன் மங்கியது.

இனி அட்டவணைக்கு வருவோம். நம் உண்மையான பகை அதனோடுதான்.

மேற்கு லண்டனில் கென்சிங்டன் என்றொரு தொகுதி. நாட்டின் மிகச் செல்வம் கொழித்த தெருக்கள் சிலவும், மிக வறிய அடுக்ககங்கள் சிலவும் அருகருகே உள்ள இடம். பழமைவாதக் கட்சியின் கோட்டை என்று எழுதப்பட்டிருந்த அத்தொகுதியில் 2017 ஜூன் 8 அன்று நடந்த தேர்தலில், பலமுறை மறுஎண்ணிக்கைக்குப் பின், தொழிற்கட்சியின் எம்மா டென்ட் கோட் 20 வாக்குகளில் வென்றார். அவர் வெளியூர்க்காரர் அல்லர். 2006 முதல் அந்த வட்டார மன்றத்தின் உறுப்பினர். அடுத்த வாரமே, ஜூன் 14 அதிகாலையில், அதே தொகுதியிலுள்ள கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 72 பேர் மாண்டனர். அம்மக்களுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து பேசவேண்டிய இடத்தில், அந்த அடுக்ககங்களின் நிலையைப் பல்லாண்டு அறிந்த ஒருவர் இருந்தார். இருபது வாக்கு இடம்மாறியிருந்தால் இருந்திருக்கமாட்டார். ஒரு வாக்கின் மதிப்பென்ன என்று நம் மாணவர் கேட்கும்போதெல்லாம் நாம் இதைத்தான் சொல்கிறோம்.

2019 டிசம்பர் தேர்தலில் என்ன நடந்தது? லிபரல் டெமாக்ரட் கட்சி சாம் ஜீமாவை அங்கே நிறுத்தியது. 2010 முதல் ஈஸ்ட் சர்ரே தொகுதியின் பழமைவாதக் கட்சி உறுப்பினராக இருந்து, அமைச்சராகவும் இருந்து, பிரெக்சிட் பூசலில் கட்சி மாறியவர். அவருடைய கொள்கை நேர்மையை நாம் ஐயுறவில்லை. பதவியை இழக்கத் துணிந்தவர். கென்சிங்டனுக்கு அவர் புதியவர் என்பதுதான் செய்தி. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அத்தொகுதியில் சில நூறு பேரிடம் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பு, பழமைவாதக் கட்சி முதலிடம், லிபரல் டெமாக்ரட் இரண்டாமிடம், இருக்கின்ற உறுப்பினரின் தொழிற்கட்சி மூன்றாமிடம் என்றது. ‘உத்தியோடு வாக்களியுங்கள்’ என்று வழிகாட்டப் புறப்பட்ட இணையத்தளங்களில் சில ஜீமாவையும் சில டென்ட் கோட்டையும் கைகாட்டின. முடிவு வந்தது: பழமைவாதக் கட்சி வென்றது, டென்ட் கோட் தோற்றது 150 வாக்குகளில், ‘இரண்டாமிடம்’ என்று சொல்லப்பட்ட ஜீமா ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகளோடு மூன்றாமிடம்.

அந்த ஒன்பதாயிரவரில் எத்தனைபேர் கணிப்பை நம்பி மாறியவர் என்று எவராலும் எண்ணிக்காட்ட இயலாது. ஆனால் 150 என்பது ஒரு தெருவின் கணக்கு. வானிலை அறிக்கை மழையைப் பெய்விப்பதில்லை. தேர்தல் கணிப்போ, தான் சொன்னதைத் தானே நடத்திவைக்கவும் வல்லது, தான் சொன்னதன் பேரில் வேறொன்றை விளைவிக்கவும் வல்லது. அதை வானிலை அறிக்கையைப் போல் அச்சிடுவோரையும், அதை மொழிபெயர்த்துப் பெருமைகொள்வோரையும் நாம் எப்படிப் பொறுப்பது?

உடனே ஒரு மறுப்பு எழும்: ‘வெல்ல வாய்ப்பில்லாதவருக்கு வாக்களித்து வீணாக்குவதா? உத்திவாக்கு என்பது வாக்காளரின் அறிவுடைமையல்லவா?’ இதை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். இதற்கு நல்ல சான்றே உண்டு. 1997 மே தேர்தலில் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன் இரண்டே வாக்குகளில் வென்றார். தோற்ற பழமைவாதக் கட்சியின் ஜெரி மலோன் வழக்காடினார். அலுவல் முத்திரை இல்லாமல் தள்ளப்பட்ட சீட்டுகளைக் காரணமாக்கித் தேர்தலையே செல்லாதென்று தீர்ப்புப் பெற்றார். நவம்பரில் மறுதேர்தல். வாக்காளர் என்ன செய்தார்கள்? ஓட்டனை 21,556 வாக்கு வித்தியாசத்தில் வெல்லவைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம்தான் நாடெங்கும் பெருவெற்றி பெற்று ஆட்சியேறியிருந்த தொழிற்கட்சி அங்கே வைப்புத்தொகையை இழந்தது. ஊர் கூடி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆனால் நண்பர்களே, அம்மக்கள் கையிலிருந்தது தங்கள் பெட்டியிலிருந்து எண்ணியெடுத்த மெய்யான முடிவு. எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம், வயது, படிப்பு, வீட்டுடைமை ஆகியவற்றைக் கொண்டு ‘உங்கள் ஊர் இப்படித்தான் நினைக்கும்’ என்று செய்துகொடுத்த பொம்மை அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது, கண்ணாடியில் கண்ட முகத்தையும் ஓவியன் கற்பனையில் தீட்டிய முகத்தையும் ஒன்றெனக் கொள்வதைப் போன்றது.

2024 ஜூலை 4 தேர்தல் அட்டவணைக்காரர்களின் திருவிழா. நாடளாவிய எண்ணிக்கையில் அவர்கள் பெரிதும் பிழைபடவில்லை; தொழிற்கட்சி பெருவெற்றி பெறும் என்றார்கள், பெற்றது. 33.7 விழுக்காட்டு வாக்குகளுக்கு 411 இடங்கள்! 14 விழுக்காட்டுக்கும் மேல் பெற்ற ரிஃபார்ம் கட்சிக்கு ஐந்தே இடங்கள். இந்த அநீதியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதே முறையைச் சுவீகரித்துக்கொண்ட நாட்டில் இருந்துகொண்டு நாம் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. நாம் பார்க்கவேண்டியது அட்டவணை சறுக்கிய இடங்களை. சறுக்கிய இடமெங்கும் ஓர் ஆள் நிற்கிறார்.

லெஸ்டர் கிழக்கை எடுத்துக்கொள்க. 1987 முதல் தொழிற்கட்சியின் பிடியில் இருந்த தொகுதி. நாடெங்கும் அக்கட்சியின் அலை வீசிய அந்நாளில், பழமைவாதக் கட்சி புதிதாகக் கைப்பற்றிய ஒரே தொகுதி அதுதான். தொழிற்கட்சி அங்கே நிறுத்தியது யாரை? லண்டன் மாநகரத் துணை மேயர்களில் ஒருவரான ராஜேஷ் அகர்வாலை. எதிரே நின்ற ஷிவானி ராஜா லெஸ்டரிலேயே பிறந்தவர். போதாக்குறைக்கு, முன்னர் அத்தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர்களாயிருந்த கீத் வாஸும் கிளாடியா வெப்பும் தனித்தனியே களத்தில் இருந்தார்கள். ராஜா 4,426 வாக்குகளில் வென்றார். வாக்குப் பிரிந்ததால் வந்த வெற்றி என்பார்கள், ஓரளவு உண்மை. ஆனால் ஏன் பிரிந்தது? ‘பாதுகாப்பான தொகுதி’ என்று ஒரு தாளில் எழுதியிருந்ததால்தான் தலைநகரிலிருந்து ஒருவரை அனுப்பும் துணிவு கட்சிக்கு வந்தது. வெற்றி உறுதி என்னும் கணிப்பு முதலில் கெடுப்பது வாக்காளரையன்று, கட்சித் தலைமையை.

இது ஒரு கட்சியின் நோயன்று. பழமைவாதக் கட்சியின் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஹோல்டன், வடகிழக்கே டர்ஹம் பகுதியில் தம் தொகுதி மறுவரையறையில் மறைந்துபோனதும், தென்கிழக்கே எசெக்ஸிலுள்ள பாசில்டன்-பில்லரிக்கே தொகுதிக்கு வந்திறங்கினார். உள்ளூர்க் கட்சிக்காரர்கள் தேர்ந்துகொள்ள அனுப்பப்பட்ட பட்டியலில் இருந்தது ஒரே பெயர். ஒற்றைப் பெயர்ப் பட்டியல்! அத்தொகுதியிலும் 20 என்ற எண்தான் வந்து நிற்கிறது. அவர் வென்றது 20 வாக்குகளில். ரிஃபார்மின் நைஜல் ஃபராஜ் வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் இருக்கையில் கிளாக்டனில் போட்டியிடப் போவதாக அறிவித்தார். ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த வேட்பாளர் விலகிக்கொண்டார். எட்டாவது முயற்சியில் ஃபராஜ் நாடாளுமன்றம் புகுந்தார். அவருடைய அரசியல் நமக்கு உவப்பன்று. வென்றார் என்பதை மறுக்கவும் முடியாது. நம் வாதத்துக்கு எதிரான சான்று இது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. உள்ளூர்க்காரர்தான் வெல்வார் என்று நாம் சொல்லவரவில்லை. உள்ளூர்க்காரர் கண்ணில் படுவதற்கு முன்பே அவரை அட்டவணை அழித்துவிடுகிறது என்கிறோம்.

இஸ்லிங்டன் வடக்கில் அவரை அழிக்க முடியவில்லை. 1983 முதல் உறுப்பினராயிருந்த ஜெரமி கோர்பின், தொழிற்கட்சி வெளியேற்றியபின் தனியாக நின்றார். தொழிற்கட்சியே வெல்லும் என்று கணிப்புகள் பல கூறின. கோர்பின் 7,247 வாக்குகளில் வென்றார். நாற்பதாண்டுகளாக ஒருவரைத் தெருவில் பார்த்துப் பழகியது எந்தச் சமன்பாட்டில் எந்தக் குறியீடாக நிற்கும்?

நூற்றாண்டுக்கு முந்தைய ‘அட்டவணை’ ஒன்றையும் நினைவூட்டுவோம். 1886இல் ஹோல்பர்னில் தாதாபாய் நௌரோஜி தோற்றார். 1888இல் பிரதமர் சால்ஸ்பரி பிரபு, ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆங்கிலேயத் தொகுதி எதுவும் வந்துவிடவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அதுவும் ‘வெல்லக்கூடியவர் யார்’ என்னும் கணிப்புதான்; அதன் உள்ளே இருந்தது இனவெறுப்பு. 1892இல் மத்திய ஃபின்ஸ்பரி நௌரோஜியை விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் வெல்லவைத்து அந்தக் கணிப்பைக் குப்பையில் எறிந்தது.

நம்மவர் இதழ்கள் 2024இல் செய்ததையும் சொல்லியாகவேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்ட்-போ தொகுதியில் உமா குமரன் வென்றபோது, ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த முதல் தமிழ்ப்பெண் உறுப்பினர் என்று பூரித்தோம். பூரிக்கத்தக்கதே. ஆனால் 2015இல் அவர் ஹாரோ கிழக்கில் நின்று தோற்றபோது நம்மில் எத்தனைபேர் திரும்பிப் பார்த்தோம்? அன்றும் அவர் தமிழர்தானே. அன்று அவர் ‘வெல்லக்கூடியவர்’ பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ஸ்ட்ராட்ஃபோர்ட் மக்களின் வீட்டுவாடகை பற்றி நம் இதழ்களில் ஒரு வரியும் வரவில்லை என்பது தனிக்கதை.

நாம் மதிக்கும் வேட்பாளர் ஒருவர் உண்டு. வூஸ்டர்ஷயரிலுள்ள கிட்டர்மின்ஸ்டர் மருத்துவமனையின் விபத்து, அவசரப் பிரிவை மூடினார்கள். அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் ரிச்சர்ட் டெய்லர் அந்த ஒரே கோரிக்கையோடு 2001இல் வயர் ஃபாரஸ்ட் தொகுதியில் நின்றார். அதுவரை கட்சிகளின் கணக்கில் அப்படியொருவர் இல்லை. தொழிற்கட்சி அமைச்சர் ஒருவரை 17,630 வாக்குகளில் தோற்கடித்தார். 2005இலும் வென்றார். 2010இல் தோற்றார். அவசரப் பிரிவு திரும்பி வரவேயில்லை. ‘பிறகென்ன பயன் கண்டார்கள்?’ என்று அட்டவணை அன்பர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். ஒன்பதாண்டுகள் அந்த ஊரின் மருத்துவமனையைப் பற்றி அமைச்சர்கள் அந்த ஊர்க்காரருக்கு எழுந்து நின்று விடைசொல்ல வேண்டியிருந்தது.